மகளிடம் பேச மனு போட வேண்டுமா?

கேள்வி:

எனக்கு வயது 64. கோவில்பட்டியில் 1992-ல் எஸ்.டி.டி. பூத் ஆரம்பித்தேன். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனதால், மாற்றுத்திறனாளிகளுக்கான முன்னுரிமையில் கிடைத்த பூத் அது. பம்பாய்க்கு 022, டெல்லிக்கு 011 என்று இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தாராவிக்குப் பிழைக்கப் போனவர்கள் வீட்டுக்காரர்கள், பட்டாளத்துக்காரர்களின் மனைவிமார் என்று ஊரில் பாதிப் பேர் என் கூண்டுக்குள் நின்றுதான் அழுதார்கள், சிரித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுத்தான் உட்காருவேன். 2009-ல் போனை எடுத்துவிட்டு ஜெராக்ஸ் மிஷின் வைத்தேன். இரண்டு வருடமாக அந்தக் கடையும் இல்லை.

ஒரே மகள். கோயம்புத்தூரில் படிக்கும்போது ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு, ஹாஸ்டல் காயின் பாக்ஸில் வரிசையில் நின்று என் பூத்துக்குக் கூப்பிடுவாள். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இப்போது பெங்களூரில் ஐ.டி. வேலை, கல்யாணமாகி ஆறு வயதில் பையன். போன மாதம் ஒருநாள் காலை பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நிச்சயமான சேதியைச் சொல்லக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். கட் பண்ணிவிட்டு, ‘மீட்டிங். என்னப்பா?’ என்று மெசேஜ். சாயங்காலம் அவளே கூப்பிட்டு, ‘இனிமே கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போட்டுடுங்கப்பா, திடீர்னு அடிச்சா பயமா இருக்கு’ என்றாள். எனக்கு மேற்கொண்டு பேச்சு வரவில்லை, வைத்துவிட்டேன். பெற்ற மகளிடம் பேச மனு போட வேண்டுமா? மூன்று வாரமாக நான் கூப்பிடவில்லை. ராத்திரி 11.40-க்கு வாட்ஸ்அப்பில் இருந்தாள் என்று காட்டுகிறது, எனக்கு ஒரு வரி இல்லை. என் மனைவிக்கு மட்டும் போட்டோ வருகிறது. பேரன் வீடியோ காலில் வந்தால் இரண்டு நிமிடத்தில் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவிடுகிறான், நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன் அரிதாக இருந்தபோது நெருக்கமாக இருந்தோம். கைக்குக் கை போன் வந்ததும் தூரமாகிவிட்டோம். தப்பு யார் மேல்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவில்பட்டி

பதில்:

ஐயா, உங்கள் மகள் சொன்னதில் முதல் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. ‘மெசேஜ் போட்டுடுங்கப்பா’ என்பதைக் கேட்டுக் கோபப்பட்டுவிட்டீர்கள். அடுத்து வந்த ‘பயமா இருக்கு’ என்ற சொல் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

வேலை நாள், காலை பதினோரு மணி. அறுபதைத் தாண்டிய அப்பாவிடமிருந்து அடுத்தடுத்து மூன்று அழைப்பு. வெளியூரில் இருக்கிற மகளுக்கு என்ன தோன்றும்? அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிற மீட்டிங்கில் எழுந்து போகவும் முடியாமல், மேசைக்கு அடியில் ‘என்னப்பா?’ என்று தட்டியிருக்கிறாள். அந்த ஒற்றைச் சொல்லை நீங்கள் அலட்சியம் என்று படித்தீர்கள். எனக்கு அது நெஞ்சு படபடக்கத் தட்டிய சொல்லாகத் தெரிகிறது. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள் நிறையப் பேர் இதையே சொல்கிறார்கள். ஊரிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால் எடுப்பதற்குள் வேர்த்துவிடுகிறதாம்.

இந்தப் பயம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? நம் தலைமுறையிடமிருந்துதான். தெருவில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே, தாளைப் பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி ஆரம்பித்த வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால் நல்ல சேதிக்குக் கடிதம் போதும், சாவுக்குத்தான் தந்தி என்று பெரும்பாலான வீடுகளில் வழக்கமாகிவிட்டது. 2013 ஜூலையோடு தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். அந்தப் பயம் மட்டும் வேறு கருவிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். போன் அரிதாக இருந்தபோது நெருக்கம் இருந்தது என்கிறீர்கள். அது உண்மை. ஆனால் அந்த நெருக்கத்தைக் கட்டிக் காத்ததில் கட்டணத்துக்கும் பங்கு உண்டு என்பது ஊரில் வேறு யாரையும்விட உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரவு ஆக ஆகப் பாதிக் கட்டணம், கால் கட்டணம் என்று குறையும். அந்த நேரத்துக்குக் காத்திருந்து ஜனம் உங்கள் கடையில் வரிசை கட்டியிருக்கும். கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்க, நின்றவர் மீட்டரில் ஒரு கண்ணும் பேச்சில் ஒரு மனசுமாக, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வார். எதிர்முனையில் வீட்டில் போன் இருக்காது. பி.பி. நம்பர்தான். பக்கத்து வீட்டுக்காரரோ மளிகைக் கடைக்காரரோ எடுப்பார். ‘பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுறேன், அவங்களைக் கொஞ்சம் கூட்டியாந்து வைங்க’ என்று சொல்லிவிட்டுத்தானே வைப்பார்கள்? அதற்கு என்ன பெயர், ஐயா? முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூப்பிடுவதுதானே? உங்கள் மகளின் ஞாயிறு ஒன்பது மணியும் அதேதான். நேரத்தை ஹாஸ்டல் குறித்துக் கொடுத்தது, வரிசை குறித்துக் கொடுத்தது, ஒரு ரூபாய் நாணயம் குறித்துக் கொடுத்தது. நீங்கள் இருவரும் குறிக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஆகையால் அது மனு போடுவதாக உங்களுக்குத் தோன்றவும் இல்லை.

அந்தத் தடையெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைச் செல்போனில் அழைத்தார். அதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அதற்குப் பிறகும் பல வருடம் உங்கள் கடையில் கூட்டம் குறைந்திருக்காது. வருகிற அழைப்பை எடுப்பதற்கே காசு கேட்ட காலம் அது. 2003 மே மாதத்தில்தான் இன்கமிங் இலவசம் ஆனது. அப்புறம் கொஞ்ச காலம் மிஸ்டு கால் ஒரு மொழியாகவே இருந்தது. ஒரு ரிங் விட்டால் வீடு வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் நீ கூப்பிடு. காசில்லாத ஜனம் கண்டுபிடித்த அருமையான ஏற்பாடு அது. என் அப்பா பஸ் ஏறினால் ஒரு ரிங், இறங்கினால் ஒரு ரிங். அவர் போனை எடுத்துப் பேசியதைவிட அந்த ரிங்குகளைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். 2016-ல் ஜியோ வந்தபின் பேசுவதற்கென்று தனியாகக் காசு கொடுப்பதே பழங்கதையாகிப்போனது. அதே வருடக் கடைசியில் வாட்ஸ்அப்பில் வீடியோ காலும் வந்துவிட்டது.

தடை போனபோது கூடவே இன்னொன்றும் போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. சாக்குச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. 1995-ல் பம்பாயில் இருக்கிற மகன் ஒரு மாதம் பேசாவிட்டால், ‘பாவம், காசுக்கு எங்கே போவான்’ என்று அம்மாவே அவனுக்காகப் பேசுவாள். அந்த மௌனத்துக்குப் பழி கட்டணத்தின் மேல் விழுந்தது, மகனின் மேல் விழவில்லை. அவன் உண்மையிலேயே மறந்திருந்தாலும் அந்தச் சாக்கு அவனைக் காப்பாற்றியது, அம்மாவையும் காப்பாற்றியது. இன்று உங்கள் மகள் ஒருநாள் பேசாவிட்டால் பழி போட வேறு ஆளே இல்லை. காசு இருக்கிறது, டவர் இருக்கிறது, போன் கையிலேயே இருக்கிறது. அப்படியானால் மனசில்லை என்றுதானே அர்த்தம் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கில்தான் நீங்கள் மூன்று வாரமாகத் தூங்காமல் கிடக்கிறீர்கள். கணக்கே தப்பு, ஐயா. காசு ஒன்றுதான் தடையாக இருந்தது என்று நாம் நம்பினோம். நேரமும் அலுப்பும் அப்போதும் தடைகளாக இருந்தன. காசு முன்னால் நின்று அவற்றை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். உங்கள் போன் அடித்தால் உங்களுக்கு ஒரு மனிதர் வருகிறார். அவள் போன் அடித்தால் கடன் வேண்டுமா என்று ஒருவர், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று டெலிவரிப் பையன், பிள்ளையின் பள்ளியிலிருந்து ஒருவர், பிறகு மேலதிகாரி. நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுவதே அவளுக்கு வேலை. யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் நுழையலாம் என்று ஆகிவிட்ட வீட்டுக்கு, அவள் தலைமுறை தானாகவே ஒரு கதவு செய்து மாட்டியிருக்கிறது. ‘பேசலாமா?’ என்ற மெசேஜ்தான் அந்தக் கதவு. சிநேகிதிகளோடும் அவள் அப்படித்தான் நடந்துகொள்வாள், கேட்டுப் பாருங்கள். உங்களைத் தள்ளி வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு இல்லை. அவர்களுக்குள் அது மரியாதை. உங்களுக்கு அது அவமரியாதையாகப் பட்டதிலும் தப்பில்லை. பெற்றவன் கதவைத் தட்டிவிட்டா உள்ளே வர வேண்டும் என்பது உங்கள் காலத்து நியாயம். இரண்டும் நியாயம்தான். ஆனால் அவள் வேலை நேரத்தில் அவள் நியாயம் செல்லட்டும் என்பது என் கருத்து.

அடுத்து, அந்த 11.40. இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், மன்னியுங்கள். ராத்திரி அவள் எத்தனை மணிக்கு வாட்ஸ்அப்பில் இருந்தாள் என்று பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கடிதப் போக்குவரத்து இருந்த காலத்தில் தபால் பெட்டியில் போட்டபின் பத்து நாள் எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமை எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இப்போதுதான் புரிகிறது. இப்போது லாஸ்ட் சீன் காட்டுகிறது. 2014 கடைசியிலிருந்து படித்தாயிற்று என்று ப்ளூ டிக்கும் காட்டுகிறது. இவை காட்டுவதெல்லாம் போன் திறந்திருந்தது என்பதை மட்டும்தான். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, நாளைக்கு ஸ்கூல் வேன் வராது என்று அம்மாக்கள் குரூப்பில் வந்த சேதியைப் பார்த்திருப்பாள். அழுதுகொண்டுகூட இருந்திருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

பதினேழு வருடம் யார் முகத்தையும் பார்க்கக் கூடாதென்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவர் நீங்கள். அதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கண்ணாடிக் கூண்டு எல்லாவற்றையும் காட்டும். காட்டினாலும் பார்க்கக் கூடாது என்பது உங்களுக்கே தோன்றியது. உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை படித்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். வாட்ஸ்அப்பும் கண்ணாடிக் கூண்டுதான். உள்ளே நிற்பது இப்போது உங்கள் மகள்.

பேரன் விஷயத்தில் நீங்கள் வருத்தப்படவே வேண்டாம். நம் காலத்தில் குழந்தையைத் தூக்கி ரிசீவரைக் காதில் வைத்து, ‘தாத்தா நல்லா இருக்கீங்களான்னு கேளு, கேளு’ என்று விரட்டுவோம். அதுவும் கிளிப்பிள்ளை போல அதையே சொல்லும், உடனே போனைப் பிடுங்கிக்கொள்வோம். மீட்டர் ஓடுகிறதே! உங்கள் பேரனுக்கு மீட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. தாத்தா போனில் வருவது அவனுக்கு ஒரு சம்பவமே இல்லை. நீங்கள் அந்த வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு போனைக் கட்டிலில் போட்டுவிட்டு விளையாடப் போகிறான். வீட்டில் இருக்கிற தாத்தாவிடம் எந்தக் குழந்தை எதிரே உட்கார்ந்து இருபது நிமிடம் முகம் பார்த்துப் பேசுகிறது? சும்மா பக்கத்தில் கிடந்து விளையாடும். இடையில் ஓடிவந்து உடைந்த காரைக் காட்டும். ஆகவே மின்விசிறி தெரிந்தால் கட் பண்ணாதீர்கள். போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் பேப்பர் படியுங்கள். அங்கே அவன் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். ‘தாத்தா, இருக்கீங்களா?’ என்று தானாகவே ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பான். காசு கொடுத்துப் பேசிய காலத்தில் நினைத்தாலும் கிடைக்காத ஒன்று இது. அதில் நான் உங்கள் பேரன் கட்சி.

உங்கள் மனைவிக்கு ஏன் போட்டோ வருகிறது என்றும் யோசித்துப் பாருங்கள். அவர் என்ன அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்க முடிகிறது. ‘இன்னைக்குக் கத்தரிக்காய் நல்லா இருந்துச்சு, புளிக்குழம்பு வெச்சேன்’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கேட்டுவிட்டு மகள் சிரித்துக்கொள்ளலாம், பதிலுக்குப் பிள்ளையின் டிபன் பாக்ஸைப் படம் பிடித்து அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். நீங்கள் கூப்பிட்டால் அவள் அந்த நிமிடமே வந்து நின்றாக வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டரில் தங்கள் குரலைப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உடனே பதில் வர வழியே இல்லை, ஆனாலும் யாரும் குறைவாக உணரவில்லை. உங்கள் கையில் இருப்பது அந்தக் கேசட்தான். அனுப்ப ஆள் தேட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நீங்கள் இழந்திருப்பது மகளின் போனை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். தினம் எத்தனையோ பேருடைய வாழ்க்கை உங்கள் கடை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பில் கிழித்துக் கொடுக்கும்போது நாலு வார்த்தை, சில்லறை தரும்போது நாலு வார்த்தை. செல்போன் வந்து அதைப் பறித்தது. ஜெராக்ஸ் கடை கொஞ்சம் ஈடுகட்டியது. இரண்டு வருடமாக அதுவும் இல்லை. ஒரு ஊரே பேசிய பேச்சு நின்றுபோன இடத்தை ஒரு மகளின் அழைப்பு எப்படி நிரப்பும்? அவள் தினம் பேசினாலும் உங்களுக்குப் போதாது என்றுதான் தோன்றும். கடை இருந்த தெருவில், பழைய வாடிக்கைக்காரர்கள் உட்காரும் டீக்கடையில், சாயங்காலம் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். கால் ஒத்துழைக்காத நாளில் அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இதை மருந்து போல எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மகளோடு என்ன ஏற்பாடு செய்யலாம்? பழைய ஞாயிறு ஒன்பது மணியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்தத் தடவை நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்கிற நேரமாக அது இருக்கட்டும். ஞாயிறு முடியாவிட்டால் அவளுக்குத் தோதான வேறு நாள். இருபது நிமிடம் போதும். பேச ஒன்றும் இல்லாத வாரத்திலும் அந்த நேரத்தைத் தவற விடாதீர்கள். அவசரத்துக்கென்று தனியாக ஓர் அடையாளம் வையுங்கள். அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சில் சொல்லி வெளியூருக்கு ட்ரங்க் கால் புக் பண்ணும்போது ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று பிரித்து வைத்திருந்தார்களே, அதுபோல. அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் அவசரம், எந்த மீட்டிங்கானாலும் எடுத்துவிட வேண்டும். ஒரு முறை மட்டும் அடித்தால் அவசரமில்லை, சாவகாசமாகக் கூப்பிடலாம். அப்படி ஒப்பந்தம் ஆகிவிட்டால், கல்யாணச் சேதிக்கு மூன்று முறை அடிக்கக் கூடாது. அந்த வார்த்தையை நீங்களும் காப்பாற்ற வேண்டும்.

உங்களுக்கு வலித்ததை மறைக்கவும் வேண்டாம். ‘நீ மெசேஜ் போடச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சும்மா’ என்று ஒரு தடவை சொல்லுங்கள். குத்திக்காட்டாமல், பழைய கதையை இழுக்காமல், அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்துங்கள். என் அம்மா கடைசி வரைக்கும் என்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை. மாதம் முழுக்க எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம் என்று ஆன பிறகும், மூன்றாவது நிமிடம், ‘சரி வை, பில்லு ஏறும்’ என்பார். பேசி முடித்தாயிற்று போலிருக்கிறது என்று நானும் வைத்துவிடுவேன். எனக்கு வேலை இருக்கும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார் என்பது அவர் போன பிறகு என் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற நான், ‘பில்லெல்லாம் இல்லம்மா, இரு’ என்று ஒருநாள்கூட அழுத்திச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

மூன்று வாரமாக நீங்கள் கூப்பிடாததை உங்கள் மகள் கவனிக்காமல் இருக்க மாட்டாள். அப்பா கோபமாக இருக்கிறார் என்று தெரிந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவளும் உங்கள் லாஸ்ட் சீனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்கே, அவள் வேலை முடிந்து வீடு வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். ‘ஒண்ணும் அவசரம் இல்லம்மா. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. அதைச் சொல்லத்தான் அன்னைக்குக் கூப்பிட்டேன்’ என்று. உங்கள் கடிதத்தை மறுபடி புரட்டிப் பார்த்தேன், ஐயா. அந்தச் சேதியை நீங்கள் அவளிடம் இன்னும் சொல்லவே இல்லை.